பட்டப்பின் மாணவர் படிப்பிக்கும் வகுப்பு: படிவமா, பார்வையாளரா, இடையில் ஒரு கலந்துரையாடலா?

தகுதிகாண் விரிவுரையாளராகச் சேருபவர் நிரந்தரமாவதற்குக் கற்பித்தல் சான்றிதழ்க் கற்கையை முடிக்க வேண்டும். முதுமாணிக்கோ கலாநிதிக்கோ படித்தபடி தற்காலிக நியமனத்தில் செய்முறையும் ரியூட்டோரியலும் எடுப்பவரிடம் பெரும்பாலும் நேர அட்டவணைதான் கொடுக்கப்படும். அவருக்குப் பயிற்சி என்று கிடைப்பது பின்னூட்டம் மட்டுமே. அதை எப்படிப் பெறுவது என்பதில்தான் வித்தியாசம்.

அரையாண்டு முடிவில் நிரப்பும் படிவம் மலிவானது, எல்லா வகுப்புக்கும் போகும். ஆனால் 15 கிழமையும் முடிந்தபின் வருகிறது. அதற்குள் நியமனமே முடிந்திருக்கலாம். சிறிய வகுப்பில் சராசரி ஆட்டம் காணும்: 12 பேரில் 11 பேர் 4 போட்டு ஒருவர் 1 போட்டால் 3.75. அதே ஒருவர் 120 பேர் வகுப்பில் இருந்தால் 3.975. போதாததற்கு, போன வருடம் வரை 'அக்கா' என்று கூப்பிட்டவருக்குக் கையெழுத்தில் குறை எழுத யார் துணிவார்? பல பிரிவுகளாக நடந்த பாடங்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்த 2017ஆம் ஆண்டுப் பகுப்பாய்வில், மாணவர் இடும் புள்ளிக்கும் அவர்கள் கற்றதற்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு தெரியவில்லை.

சக ஆசிரியர் வந்து பார்ப்பது இதைவிட நல்லது, பார்ப்பவர் ஆய்வு மேற்பார்வையாளராக இல்லாதவரை. மேற்பார்வையாளர் வந்து இருந்தால் வகுப்பு நாடகமாகிவிடும். வகுப்புக்கு முந்தின நாள் கால் மணி நேரப் பேச்சு, வகுப்பில் 50 நிமிடம், இரண்டு நாளுக்குள் மறுபேச்சு. குறிப்பை நேரத்தோடு எழுத வேண்டும்: "10.20, கேள்வி கேட்டார். 2 செக்கனில் தானே விடை சொன்னார்." "நல்லாயிருந்தது" என்பதால் ஒன்றும் மாறாது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடம் இருக்கும் கிளிநொச்சி அறிவியல் நகரில் ஒரு வகுப்பென்றால், ஆங்கில விளக்கம் எந்த இடங்களில் தமிழுக்குத் தாவியது என்றும் குறிக்கலாம். சிங்கள மாணவர் பின்தங்குவது அந்த இடங்களில்தான்.

ஒன்றைத்தான் தெரிவுசெய்யலாம் என்றால் மூன்றாவதான, அரையாண்டின் இடையில் மாணவரோடு நடத்தும் கலந்துரையாடலே எங்கள் தெரிவு. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உருவான முறை இது. 5ஆம், 6ஆம் கிழமையில், படிப்பிப்பவர் வெளியே போக, வேறு துறையைச் சேர்ந்த ஒருவர் 25 நிமிடம் எடுத்துக்கொள்வார். நாலைந்து பேர் கொண்ட குழுக்கள் 8 நிமிடத்தில் இரண்டு கேள்விக்கு எழுதும்: படிக்க உதவுவது எது, மாற வேண்டியது எது, எப்படி? ஒவ்வொன்றையும் வாசித்துக் கை உயர்த்தச் சொன்னால், ஒருவரின் கோபமும் வகுப்பின் கருத்தும் பிரிந்துவிடும். எழுதுவது குழு, எனவே கையெழுத்துப் பயமும் இல்லை. அடுத்த வகுப்பிலேயே எதை மாற்றுகிறேன், எதை மாற்ற முடியாது, ஏன் என்று படிப்பிப்பவர் சொல்ல வேண்டும். இதைத் தவறவிட்டால் மாணவர் பிறகு வாய் திறக்கமாட்டார்கள்.

ஆள் தேவை என்பதே இதன் குறை. பட்டப்பின் மாணவரே துறை மாறி ஒருவருக்கொருவர் செய்யலாம். ஒரு பிற்பகல் ஒத்திகை போதும். அதன் குறிப்பு துறைத்தலைவரின் கோவைக்குப் போகக்கூடாது. நியமனத்தை நீடிக்கப் படிவத்தையும், சக ஆசிரியர் இரண்டாம் தடவை வந்து பார்த்து எழுதும் அறிக்கையையும் எடுக்கட்டும்; அவர் முதல் தடவை பார்ப்பது திருத்துவதற்கு மட்டும்.