வெளிப்பக்க முட்டி வலியோடு கோவையில் சில வாரங்கள்

எனக்குச் சொந்த ஊர் கோவை. இப்போது இருப்பது இங்கிலாந்தில், லீட்ஸில். டிரையத்லான் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த போட்டி) பயிற்சியின் நடுவே வலது முட்டியின் வெளிப்பக்கம் வலிக்க ஆரம்பித்தது. முதல் நான்கு கிலோமீட்டர் ஒன்றுமே தெரியாது. ஐந்தாவதில் சுருக்கென்று பிடிக்கும். நின்றால் போய்விடும், மறுபடி ஓடினால் திரும்ப வந்துவிடும். படி இறங்கும்போது இன்னும் மோசம். என்.எச்.எஸ். என்கிற இங்கிலாந்து அரசு மருத்துவ சேவையில் பிசியோவுக்குப் பெயர் கொடுத்தால் வாரக்கணக்கில் காத்திருக்கச் சொன்னார்கள். அதற்குள் ஊருக்குப் போகும் விடுமுறை வந்துவிட்டதால், அங்கேயே பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பினேன்.

முதலில் போனது ஒரு பெரிய மருத்துவமனை. ஒரே காலையில் டோக்கன், எக்ஸ்ரே, எலும்பு டாக்டர் எல்லாம் முடிந்துவிட்டது. லீட்ஸில் நினைத்துக்கூடப் பார்க்க முடியாத வேகம் இது, அதற்கு நான் உண்மையிலேயே நன்றியோடு இருக்கிறேன். ஆனால் உள்ளே நடந்தது வேறு. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பார்த்தார். "தேய்மானம் ஒண்ணும் இல்லை. ஜவ்வு கிழிஞ்சிருக்கான்னு பார்க்க எம்.ஆர்.ஐ. எடுத்துட்டு வாங்க" என்றார். கூடவே, "நாற்பது தாண்டிடுச்சு, இன்னும் எதுக்கும்மா ஓடறீங்க? வாக்கிங் போனா போதாதா?" என்றும் கேட்டார். முட்டியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. வெளியே வந்தபோது எனக்குக் கோபம்தான் மிஞ்சியது. ஓடுகிற பெண்ணிடம் ஓட்டத்தை நிறுத்தச் சொல்வது சிகிச்சை ஆகாது.

எம்.ஆர்.ஐ. எடுக்கவில்லை. காரணம், என் வலி வேறொன்று என்று எனக்குப் பட்டது. இடுப்பின் வெளிப்பக்கத்தில் தொடங்கித் தொடையோரமாக இறங்கி, முட்டிக்குச் சற்றுக் கீழே எலும்பில் போய் ஒட்டும் தடித்த பட்டை ஒன்று உண்டு. ஓடுகிறவர்கள் இதை ஐ.டி. பேண்ட் என்பார்கள். முட்டி சுமார் 30 டிகிரி மடங்கும்போது, தொடை எலும்பின் வெளிப்பக்க மேட்டின் மேல் இந்தப் பட்டை அழுந்துகிறது. அதனால் வரும் வலியை 1975-இல் அமெரிக்க மரீன் படையில் பயிற்சியில் இருந்தவர்களிடம் கண்டு எழுதினார்கள். பட்டை எலும்பில் உரசுவதால் வலிக்கிறது என்றுதான் வெகுகாலம் நம்பினார்கள். பட்டைக்கு அடியில் நரம்புகள் நிறைந்த கொழுப்புத் திசு நசுங்குவதுதான் காரணம் என்ற கருத்து பிறகு வலுத்தது. எப்படியானாலும் எக்ஸ்ரேயில் இது தெரியாது. விரலால் அழுத்திப் பார்த்தும், எப்போது எங்கே வலிக்கிறது என்று கேட்டும்தான் பெரும்பாலும் கண்டுபிடிக்கிறார்கள். முட்டி வீங்கினால், மடக்க நீட்ட முடியாமல் பூட்டிக்கொண்டால், நடக்கும்போது நழுவினால் அது வேறு கதை. அப்போது ஸ்கேன் தேவைப்படலாம். எனக்கு இவை எதுவும் இல்லை.

அடுத்து வீட்டுப் பக்கத்தில் ஒரு பிசியோ சென்டர். உட்கார்ந்ததுமே பத்து சிட்டிங் பேக்கேஜ் பற்றிப் பேச்சு. ஐ.எஃப்.டி. என்கிற லேசான மின்சார சிகிச்சை, அல்ட்ராசவுண்ட், வெந்நீர் ஒத்தடம். படுத்திருக்கும் வரை இதமாகத்தான் இருந்தது. ஆனால் என்னை எழுந்து நிற்கக்கூட யாரும் சொல்லவில்லை. பேக்கேஜ் கட்டாமல் வந்துவிட்டேன்.

கோவை ரேஸ் கோர்ஸ் நடைபாதையில் காலையில் ஓடுகிறவர்களிடம் விசாரித்ததில்தான் சரியான இடம் கிடைத்தது. சாய்பாபா காலனியில் ஒரு சந்துக்குள் சின்ன கிளினிக், என்னைவிட வயதில் சிறிய பெண் பிசியோ. முதல் நாளே முக்கால் மணி நேரம் ஒதுக்கினார். முட்டியின் வெளிப்பக்க மேட்டை அழுத்திக்கொண்டே காலை மெல்ல நீட்டச் செய்தார். வலிக்கிற இடம் துல்லியமாக அகப்பட்டது. "அக்கா, ஒத்தக் கால்ல நில்லுங்க" என்றார். அப்புறம் படியிலிருந்து ஒரு காலை மெதுவாக இறக்கச் சொன்னார். டிரெட்மில்லில் ஓடவிட்டு, பின்னாலிருந்து மொபைலில் ஸ்லோ மோஷனில் எடுத்துக் காட்டினார். "இடுப்பு எப்படிச் சாயுது பாருங்கக்கா. முட்டியில வலி, ஆனா வேலை இடுப்புலதான் இருக்கு."

அவர் தந்த பயிற்சிகள் பார்க்க எளிமையானவை: ஒருக்களித்துப் படுத்து மேல்காலைத் தூக்குவது, சைட் பிளாங்க் (ஒருக்களித்து முழங்கையை ஊன்றி உடலைத் தூக்கி நிறுத்துவது), படியோரத்தில் ஒரு காலில் நின்று இடுப்பை இறக்கி ஏற்றுவது. 2000-இல் ஸ்டான்ஃபோர்டில் இதே வலி வந்த 24 ஓட்டக்காரர்களுக்கு இடுப்புத் தசையை வலுவாக்கும் பயிற்சி கொடுத்தார்கள்; 6 வாரத்தில் 22 பேர் வலியில்லாமல் ஓடத் திரும்பினார்கள். ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லாத சின்ன ஆய்வுதான். இருந்தாலும் எனக்கு அது தெம்பு கொடுத்தது.

பிசியோ ஓட்டத்தை நிறுத்தச் சொல்லவில்லை. வலி தொடங்கும் தூரத்துக்கு முன்பே முடித்துவிட வேண்டும், சமதளத்தில் மட்டும் ஓட வேண்டும், அடியைச் சிறிதாக்கி நிமிடத்துக்கு வைக்கும் அடிகளை 5 முதல் 10 சதவீதம் கூட்ட வேண்டும். ரேஸ் கோர்ஸில் எப்போதும் ஒரே திசையில் சுற்றாமல் மாற்றி ஓடச் சொன்னார். மருதமலை ரோட்டு இறக்கம் இப்போதைக்கு வேண்டாம். நீச்சலில் பிரெஸ்ட் ஸ்ட்ரோக் உதையைத் தவிர்த்தேன். தம்பியிடம் வாங்கி ஓட்டிய சைக்கிளில் சீட் எனக்கு உயரமாக இருந்தது. ஒவ்வொரு மிதிக்கும் கால் அளவுக்கு மீறி நீள்கிறது, பட்டையும் இழுபடுகிறது. கடைக்காரர் கொஞ்சம் இறக்கிக் கொடுத்தார். அந்த வித்தியாசம் அன்றே தெரிந்தது.

தசையை உருட்டிப் பிடித்துவிடும் ஃபோம் ரோலர் உருளையைப் பற்றிக் கேட்டேன். இந்தப் பட்டையை உருட்டி நீளமாக்க முடியாது, வலிக்கும் இடத்தில் அழுத்தவே கூடாது, தொடைத் தசையிலும் பின்புறத்திலும் இதமாக இருந்தால் உருட்டிக்கொள்ளலாம் என்றார். இரவில் அம்மா முறிவெண்ணெய் தடவிவிட்டார். வலியைத் தீர்க்கும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் நன்றாகத் தூங்கினேன்.

விடுமுறை முடிவதற்குள் ஐந்து கிலோமீட்டரை வலியில்லாமல் தாண்டினேன். இறக்கத்தில் இன்னும் லேசாக முணுமுணுக்கிறது. வாட்ஸ்அப் வீடியோவில் அந்தப் பிசியோவே தொடர்ந்து பார்க்கிறார். நான் மூன்று கோணங்களில் படம் எடுத்து அனுப்ப வேண்டும்.

இதே வலியோடு ஊருக்குப் போகிறவர்கள், பணம் கட்டும் முன் ஒன்றைக் கேளுங்கள்: "நான் ஓடறதைப் பார்ப்பீங்களா, எக்சர்சைஸ் சொல்லித் தருவீங்களா?" மழுப்பினால் வேறு இடம் பாருங்கள். பில்லில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர் போடச் சொல்லுங்கள், இன்ஷூரன்ஸுக்கு உதவும். எக்ஸ்ரேயைச் சிடியாகவும், கண்டுபிடித்தவற்றையும் பயிற்சிகளையும் ஆங்கிலத்தில் ஒரு கடிதமாகவும் வாங்கிக்கொள்ளுங்கள். இங்கே உள்ள பிசியோ அதைப் பார்த்துத் தொடர முடியும். விடுமுறையின் முதல் வாரத்திலேயே போய்விடுங்கள், பயிற்சியைத் திருத்திக்கொள்ள நாள் வேண்டும். ஜனவரியில் போவதானால், பொங்கலை ஒட்டிச் சின்ன கிளினிக்குகள் சில நாள் மூடியிருக்கலாம். போன் பண்ணிக் கேட்டுவிட்டுப் போங்கள்.