பழைய பதிப்புக்கு விடைகொடுக்கும் நாள்: வன்னிப் பாடசாலைகளுக்கு எந்த முறை பொருந்தும்?

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் பாடசாலைக் கணினி அறையைப் பொறுப்பாகப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியருக்கு, திறந்த மூல மென்பொருளின் ஆதரவு எப்போது முடிகிறது என்பது பெரிய விடயம். அந்த நாளுக்குப் பின் வெளிப்படும் பாதுகாப்புக் குறைகளுக்குத் திருத்தம் வராது. மேம்படுத்தும் வேலையோ தவணை விடுமுறையில்தான் நடக்கும்.

ஃபெடோரா என்ற லினக்ஸ் இயங்குதளம் இந்த முடிவு நாளை நாட்காட்டியை வைத்தல்ல, புதிய வெளியீடுகளை வைத்தே தீர்மானிக்கிறது. ஒரு பதிப்புக்குப் பின் இரண்டாவது புதிய பதிப்பு வந்து ஏறத்தாழ ஒரு மாதத்தில் பழையதன் ஆதரவு முடிந்துவிடும். மொத்த ஆயுள் 13 மாதமளவில். உருவாக்குவோரின் சுமை குறைகிறது, அது நியாயம்தான். ஆனால் கைப்பேசி டேட்டாவை நம்பியிருக்கும் பாடசாலை, ஆண்டுதோறும் எல்லாக் கணினிகளையும் மாற்ற முடியாது.

வேறு இரு லினக்ஸ் இயங்குதளங்களான உபுண்டுவின் நீண்டகாலப் பதிப்பும் டெபியனும் 5 ஆண்டு ஆதரவு தருகின்றன. டெபியனில் முதல் 3 ஆண்டு முழு ஆதரவு. மிகுதி 2 ஆண்டைத் தனிக் குழு கவனிக்கிறது, சில பொதிகள் (மென்பொருள் தொகுப்புகள்) அதில் விடுபடும். இந்த வேறுபாட்டை நான் பெரிதாக எண்ணவில்லை. முடிவுக்காலத்தை முன்கூட்டியே கணிக்கலாம் என்பதே எனக்கு முக்கியம்.

ஆண்டுக் கணக்கு நீளமாக இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு சென்ட்ஓஎஸ் 8 என்ற இன்னொரு லினக்ஸ் இயங்குதளம் சான்று. 2029 வரை என்று சொல்லப்பட்டிருந்த ஆதரவு, 2021 டிசம்பர் 31 அன்றே முடியும் என 2020 டிசம்பரில் அறிவித்தார்கள். பத்தாண்டை நம்பித் திட்டமிட்டவர்களுக்குக் கிடைத்தது ஓராண்டு அவகாசம். இதை நான் மன்னிக்கமாட்டேன். பைதான் 2 என்ற நிரல்மொழிப் பதிப்பில் நேர்மாறாக நடந்தது: 2015இல் முடியவேண்டியதை 2020க்குத் தள்ளினார்கள். அதனால் சிலர் சோம்பியிருந்தார்கள் என்பது உண்மை; ஆனாலும் எவரும் நடுத்தெருவில் விடப்படவில்லை. நாளைப் பின்தள்ளலாம், முன்னிழுக்கக் கூடாது.

இன்னொன்று வன்பொருள். 32 பிட் செயலி கொண்ட பழைய கணினியில் புதிதாக நிறுவக்கூடிய கடைசி டெபியன், 12ஆம் பதிப்பு. 2025 ஆகஸ்டில் வந்த 13இல் அதற்கான நிறுவியும் (நிறுவும் நிரல்) கருவும் (இயங்குதளத்தின் மையப் பகுதி) இல்லை. நன்கொடையாக வந்த பழைய இயந்திரங்களை வைத்திருக்கும் பாடசாலைக்கு இதுதான் உண்மையான முடிவு நாள்.

எனவே பழைய 32 பிட் கணினிகளுக்கு டெபியன் 12ஐ வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பதிப்பின் ஆதரவு 2028 ஜூனில் முடிகிறது, அதற்குள் மாற்றுக் கணினிக்கு அதிபரிடமும் பழைய மாணவர் சங்கத்திடமும் பேசத் தொடங்கலாம். 64 பிட் கணினிகளுக்கு உபுண்டுவோ டெபியனோ, எதுவும் சரி. அறையில் ஒரு கணினியில் ஆப்ட்-கேச்சர்-என்ஜி என்ற, பொதிகளைச் சேமித்துப் பகிரும் மென்பொருளை நிறுவிவிட்டால், ஒருமுறை இறக்கிய பொதியை மற்றவை உள்வலையமைப்பிலேயே எடுத்துக்கொள்ளும். டேட்டாச் செலவு பெருமளவு குறையும்.