நீண்ட பகலுக்கு எந்தச் சடங்கு? விடியலா, நிழலா, விளக்கா?

ஜூன் 21-ஐ ஒட்டி பூமியின் வடபாதிக்கு ஆண்டின் மிக நீண்ட பகல் வருகிறது. தென்பாதியில் இருப்பவர்களுக்கு அது டிசம்பர் 21, 22 வாக்கில். இந்தக் கோடைக் கதிர்த்திருப்பத்தை ஆர்ப்பாட்டமில்லாமல், கொஞ்சம் மனக்கவனத்தோடு அனுசரிக்க விரும்புகிறவர்களுக்குப் பெரும்பாலும் சொல்லப்படும் வழிகள் இவை: விடியலைப் பார்ப்பது, நண்பகல் நிழலை அளப்பது, 108 சூரிய நமஸ்காரம், போன அரையாண்டைப் பற்றி எழுதுவது, இரவில் விளக்கேற்றி அமைதியாக உட்காருவது.

எல்லாமே நல்லவைதான். ஆனால் ஒன்றோடொன்று வைத்துப் பார்க்க ஒரு அளவுகோல் வேண்டுமே. நான் கேட்பது ஒரே கேள்வி: இதையே மார்ச் மாதம் ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை செய்தால் என்ன குறைந்துவிடும்? ஒன்றும் குறையாது என்றால், அந்தச் சடங்குக்கும் இந்த நாளுக்கும் பெரிய உறவில்லை.

முதலில் விடியல். அழகு, அமைதி, செலவில்லை. சூரியன் எழும் இடம் அன்று கிழக்கிலிருந்து வடக்கே தன் எல்லை வரை போய் நிற்கும். நிலநடுக்கோட்டில் இருப்பவருக்கு ஏறக்குறைய 23 டிகிரி, 51 டிகிரி வட அட்சரேகையில் இருப்பவருக்குச் சுமார் 39 டிகிரி. இங்கிலாந்தின் பழங்கால ஸ்டோன்ஹெஞ்ச் கற்கள் இந்த விடியலின் திசையை நோக்கித்தான் நிறுத்தப்பட்டிருக்கின்றன. ஒரு சின்ன ஏமாற்றமும் உண்டு: ஆண்டிலேயே மிகச் சீக்கிரமான விடியல் அன்றைக்கு அல்ல, சில நாள் முன்பே வந்துபோயிருக்கும், வெப்ப மண்டலத்தில் என்றால் சில வாரங்களுக்கு முன்பே. அதனால் நேரத்தைப் பார்க்காமல் இடத்தைப் பாருங்கள். எந்தக் கட்டடத்துக்கு, எந்த மரத்துக்குப் பக்கத்தில் எழுகிறது என்று குறித்து வைத்தால் போதும். ஆனால் தொடுவானம் தெரிய வேண்டும். அடுக்குமாடிகளுக்கு நடுவே வசிப்பவருக்கு அது கிடைப்பது கஷ்டம். உதயம்தானே என்று சூரியனையே உற்றுப் பார்க்கவும் கூடாது.

என் ஓட்டு நண்பகல் நிழலுக்கு. ஒரு மீட்டர் குச்சி, சமதளம், சாக்பீஸ், அவ்வளவுதான். கடிகாரத்தின் 12 மணியை நம்ப வேண்டாம். உங்கள் ஊரின் சூரிய நண்பகல் அதிலிருந்து விலகியிருக்கும். உச்சிவேளைக்கு அரை மணி முன்பே உட்கார்ந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியில் புள்ளி வைத்துக்கொண்டே போனால், மிகக் குட்டையான நிழல் தானே தெரிந்துவிடும். இந்தக் காத்திருப்பில்தான் தியானம் இருக்கிறது. மூச்சை எண்ணச் சொன்னால் அலைபாயும் மனசு, நகருகிறதா இல்லையா என்று தெரியாத ஒரு நிழலைப் பார்க்கச் சொன்னால் ஆச்சரியமாக அடங்கிவிடுகிறது.

கிடைக்கும் விடையும் இடத்துக்கு இடம் மாறும். 51 டிகிரி வடக்கில் அந்த ஒரு மீட்டர் குச்சியின் நிழல் ஜூனில் சுமார் 52 செ.மீ.; டிசம்பர் திருப்பத்தில், அதாவது வடபாதியின் மிகக் குறுகிய பகலன்று, மூன்றரை மீட்டருக்கு மேல். 10 டிகிரி வடக்கிலோ ஜூனில் சுமார் 24 செ.மீ., அதுவும் தெற்கு நோக்கி! சூரியன் தலைக்கு வடக்கே போய்விடுவதால் வரும் வினோதம் இது. டிசம்பரில் அது 66 செ.மீ. ஆகி வடக்கே விழும். கடக ரேகையிலேயே இருந்தால் நிழல் காலடியில் மறைந்துவிடும். கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனிஸ் பூமியின் சுற்றளவைக் கணித்ததும் இதே நாளின் நிழலை வைத்துத்தான்: எகிப்தின் தெற்கே சைனி நகரில் உச்சி நிழல் இல்லை, அலெக்சாண்டிரியாவில் வட்டத்தின் ஐம்பதில் ஒரு பங்கு சாய்வு. மார்ச்சில் செய்தால் இந்த எல்லை நிழல் கிடைக்காது. என் கேள்வியில் முழு மதிப்பெண் இதற்கே.

108 சூரிய நமஸ்காரம் கூட்டமாகச் செய்பவர்களுக்கு உற்சாகம் தரும். ஐ.நா. 2014-ல் அறிவித்து 2015 முதல் நடக்கும் சர்வதேச யோகா தினமும் ஜூன் 21 என்பதால் துணைக்கு ஆள் கிடைக்கும். ஆனால் பாதிக்கு மேல் கவனம் சூரியனில் இல்லை, எண்ணிக்கையில்தான். பழக்கமில்லாதவர்கள் 12-ஓடு நிறுத்திக்கொள்வது முதுகுக்கு நல்லது.

எழுதுவது எங்கும் முடியும்: மருத்துவமனைப் படுக்கையில், ஜன்னலில்லாத அறையில், இரவுப் பணியில். வானம் கிடைக்காதவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். பகல் வளர்ந்த ஆறு மாதத்தில் எது வளர்ந்தது, இனி எதைச் சுருக்கலாம் என்று இரண்டு கேள்வி போதும். பத்துப் பக்கத் திட்டமெல்லாம் புத்தாண்டுக்கு வைத்துக்கொள்ளலாம்.

விளக்கு? வெளிச்சம் உச்சத்தில் இருக்கும் நாளில் அதற்கு வேலை குறைவு. சுமார் 49 டிகிரிக்கு வடக்கே அன்றிரவு அந்தி வெளிச்சமே முழுசாக அடங்காது. இன்னும் மேலே போனால் சூரியன் மறையவே மறையாது. டிசம்பர் திருப்பத்துக்குத்தான் இது கச்சிதம்.

அன்று மேகம் மூடிவிட்டால்? கவலை வேண்டாம். திருப்பத்தை ஒட்டிய சில நாட்களில் நிழல் அளவு கண்ணுக்குத் தெரிகிற மாதிரி மாறாது. இரண்டு நாள் தள்ளி அளந்தாலும் அதே கோடுதான் கிடைக்கும். தேதியை மட்டும் உள்ளபடி எழுதி வையுங்கள்.