நீலகிரிச் சதுப்பு: மகரந்தமா, கார்பனா?

ஊட்டி அருகே சாண்டிநல்லா சதுப்பில் மட்கிய தாவரக் கரி (பீட்) அடுக்கடுக்காகப் படிந்திருக்கிறது. மலையின் பழைய தட்பவெப்பத்தை அதிலிருந்து படிக்க இரண்டு வழிகள்.

மகரந்தம் பெயர் சொல்லும். மண்ணை அமிலத்தில் கரைத்தாலும் மகரந்தத்தின் வெளிச்சுவர் அழியாது. நுண்ணோக்கியில் புல்லின் மகரந்தம் ஒற்றைத் துளையுள்ள உருண்டையாகத் தெரியும். சிக்கலும் அங்கேதான். எந்தப் புல் என்று அது சொல்லாது. சோலை எனப்படும் மலைக்காட்டின் மரங்கள் பலவற்றுக்குப் பூச்சிகளே மகரந்தம் சுமப்பதால், சதுப்பில் விழுவது கொஞ்சம்தான். பக்கத்திலேயே சோலை இருந்தாலும் எண்ணிக்கையில் புல்லே மிகும்.

கார்பன் ஐசோடோப்பு, அதாவது எடை வேறுபட்ட கார்பன் அணுக்களின் விகிதம், இந்த இடைவெளியை நிரப்புகிறது. ஒளிச்சேர்க்கை முறையைப் பொறுத்துத் தாவரங்கள் சி3, சி4 என்று பிரியும்; அந்த விகிதமும் மாறும். ஒரு பொது அளவுகோலிலிருந்து ஆயிரத்துக்கு எவ்வளவு விலகுகிறது என்று அதை எண்ணால் குறிப்பார்கள். மரங்களும் குளிர்ப்பிரதேசப் புற்களும் சேர்ந்த சி3 வகைக்குச் சுமார் -27. வறட்சி தாங்கும் சி4 புற்களுக்குச் சுமார் -13. 1993இல் சூழலியலாளர் சுகுமார் குழுவினர் இதை வைத்தே, பனியுக உச்சத்தில் நீலகிரி வறண்டு சி4 புற்கள் மேலோங்கியதையும், பிறகு பருவமழை வலுத்ததையும் காட்டினார்கள். ஆனால் காற்றில் கரியமில வாயு குறைந்தாலே சி4 புற்களுக்குச் சாதகம்தான். மழை மட்டும்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது.

நீலகிரியின் ஈரமும் வறட்சியும் தெரிய நான் ஐசோடோப்பைத்தான் முதலில் நம்புவேன். அண்மைக் காலத்தைக் காட்டும் மேலடுக்குக்கு மட்டும் மகரந்தமே வேண்டும். வெள்ளையர் கொண்டுவந்த தைலமரம், சீகை மரம் (வாட்டில்) ஆகியவையும் சி3 என்பதால், சோலை மரத்திலிருந்து அவற்றைக் கார்பனால் பிரித்தறிய முடியாது.