பிரிக்பீல்ட்ஸ் சி நிரலாக்க வகுப்பு: தசம எண்களுக்கான பாடம்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடியில் வார இறுதிகளில் தமிழில் நடைபெறும், சி என்ற கணினி மொழிக்கான நிரலாக்க வகுப்பை, தசம எண்களை வரிசைப்படுத்தி அச்சிடும் ஒரு பாடத்துக்காகவே தொடக்கநிலை மாணவர்களுக்குத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன்.

ஆசிரியர் எடுத்துக்கொண்டது உணவக விலைப்பட்டியல்: 2.50, 1.80, 2.20, 6.90 ரிங்கிட். இவற்றைத் தசம எண்களை ஏற்கும் டபுள் வகை அணியில் (மதிப்புகளின் வரிசைத் தொகுப்பில்) இட்டு, அடுத்தடுத்த எண்களை ஒப்பிட்டு இடம்மாற்றும் குமிழி வரிசையாக்கத்தை வரிவரியாக எழுதியவர், இடமாற்றத்துக்கான தற்காலிக மாறியை மட்டும் வேண்டுமென்றே, முழு எண்ணை மட்டுமே வைத்துக்கொண்டு தசமப் பகுதியை விட்டுவிடும் இன்ட் வகை என்று அறிவித்தார். நிரல் தடங்கலின்றி ஓடி, 1.80, 2.00, 2.20, 6.90 என்று அச்சிட்டது. வரிசை ஏறுமுகமாகவே இருந்ததால் பலர் தலையசைத்துவிட்டார்கள், 2.50இலிருந்த 50 சென் எங்கே போயிற்று என்று மாணவர்களே தேடிக் கண்டுபிடிக்கும்வரை அவர் வாய் திறக்கவில்லை. பிழைச்செய்தி வராததாலேயே நிரல் சரியென்று நம்பக் கூடாது என்பதை இதைவிடத் தெளிவாக உணர்த்த முடியாது.

சி மொழியின் நூலகத்தில் ஆயத்தமாக உள்ள, வரிசைப்படுத்தும் கியூசார்ட் செயற்கூறையும் (ஒரு வேலையைச் செய்யும் நிரல் பகுதியையும்) அவர் இதே கவனத்தோடு நடத்தினார். அதற்கு நாம் எழுதித் தரும் ஒப்பீட்டுச் செயற்கூறு முழு எண்ணையே திருப்பித் தர வேண்டும் என்பதால், இரு விலைகளைக் கழித்து விடையை அப்படியே அனுப்பினால் 2.50க்கும் 2.20க்கும் உள்ள வேறுபாடு 0 ஆகச் சுருங்கி, இரண்டும் சமமென்று கொள்ளப்படும். பெரிதா, சிறிதா என்று சோதித்து 1, -1, 0 ஆகியவற்றில் ஒன்றைத் தருவதே முறை.

அச்சிடும் பகுதியில், இரண்டு தசம இடங்களுக்குச் சுருக்குவது திரையில் தெரியும் வடிவத்தை மட்டுமே மாற்றும், நினைவகத்திலுள்ள மதிப்பைத் தொடாது என்பதை 0.1ஐ 17 தசம இடங்களுக்கு அச்சிட்டுக் காட்டினார். திரையில் வந்தது 0.10000000000000001. கணினி பயன்படுத்தும், 0, 1 மட்டுமே கொண்ட இரும எண்முறையில் 0.1ஐத் துல்லியமாக எழுத இயலாது என்பதே காரணம். அச்சு அகலத்தை 8 என்று குறித்துத் தசமப் புள்ளிகளை ஒரே நேர்கோட்டில் நிறுத்துவதும் இங்கேயே கற்பிக்கப்பட்டது.

குறையென்றால், உள்ளீடு பெறும் பகுதியை அவசரமாகக் கடந்துவிட்டார்கள். அச்சிடும் பிரின்ட்எஃப் செயற்கூறில் டபுளுக்கு எஃப் குறியீடு போதும். உள்ளீடு பெறும் ஸ்கேன்எஃப் செயற்கூறுக்கோ, மாறியின் முகவரி மட்டுமே போய்ச் சேர்வதால், எல்எஃப் என்று கொடுத்தால்தான் அது எத்தனை பைட் எழுத வேண்டும் என்று அறியும். புதியவர்கள் வீட்டில் தனியே தடுமாறும் இந்த இடத்துக்கு இன்னும் அரைமணி நேரமாவது ஒதுக்க வேண்டும்.