மேரி ஹாமில்டன்: எடின்பரோவில் பிறந்த பாட்டா, பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்த பாட்டா?

"நேற்றிரவு அரசிக்கு நான்கு மேரிகள், இன்றிரவு மூன்றே மேரிகள்." தூக்குமேடைக்குப் போகும் மேரி ஹாமில்டன் என்ற பெண் இப்படிச் சொல்வதாக ஸ்காட்லாந்தில் ஒரு கதைப்பாடல் உண்டு, அவள் பெயரிலேயே. அரசவையில் பணிப்பெண்ணாக இருந்தவள் ரகசியமாகப் பிள்ளை பெறுகிறாள். அதைத் துணியில் முடிந்து கடலில் எறிகிறாள். சேதி அரசியின் காதுக்கு எட்டுகிறது. எடின்பரோ தெருக்கள் வழியே அவளைக் கொண்டுபோய்த் தூக்கில் போடுகிறார்கள். பிரிட்டிஷ் நாட்டுப்புறக் கதைப்பாடல்களில் என்னை இந்த அளவுக்குக் கலங்கடித்தது வேறொன்று இல்லை.

இந்தக் கதை எங்கே நடந்தது? இதற்கு இரண்டு ஊர்கள் போட்டி போடுகின்றன.

முதலில் ரஷ்யா. மகா பீட்டரின் மனைவி கேத்தரினிடம் பணிப்பெண்ணாக இருந்தவள் மரியா ஹாமில்டன். ரஷ்யாவில் குடியேறிய ஸ்காட்டிஷ் வம்சாவளிக் குடும்பம். பீட்டரின் உதவியாளன் இவான் ஓர்லோவ் அவளுடைய காதலன். பிறந்த குழந்தையைக் கொன்ற குற்றத்துக்காக 1719 மார்ச்சில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் அவள் தலை வெட்டப்பட்டது. கறுப்பு நாடா கட்டிய வெள்ளைப் பட்டு உடையில் அவள் மேடைக்கு வந்ததாகச் சொல்கிறார்கள். பாட்டிலும் அரசி கறுப்பு உடுத்தச் சொல்ல, "நான் வெள்ளை உடுத்தி எடின்பரோ நகரில் மின்னுவேன்" என்கிறாள் அவள். முதன்முதலில் இந்த இடத்தைப் படித்தபோது, சரி, வழக்கு முடிந்தது என்றுதான் நினைத்தேன். பெயரும் குற்றமும் பொருந்துகின்றன, உடைகூடப் பொருந்துகிறது! 1824-இல் ஸ்காட்லாந்துக் கதைப்பாடல் தொகுப்பாளர் சார்ல்ஸ் கர்க்பாட்ரிக் ஷார்ப் இந்த ஒற்றுமையை எடுத்துச் சொன்னார். 305 கதைப்பாடல்களைத் தொகுத்த ஹார்வர்டு பேராசிரியர் ஃபிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்டும் முதலில் ரஷ்யாவின் பக்கம்தான் சாய்ந்தார்.

இப்போது எடின்பரோ. ஸ்காட்லாந்து அரசி மேரிக்கு உண்மையிலேயே நான்கு மேரிகள் தோழிகளாக இருந்தார்கள்: சீட்டன், பீட்டன், ஃப்ளெமிங், லிவிங்ஸ்டன். பாட்டில் வருவதோ சீட்டன், பீட்டன், கார்மைக்கேல், "அப்புறம் நான்". ஹாமில்டன் என்ற தோழியே கிடையாது. ஆனால் 1563 டிசம்பரில் இங்கிலாந்துத் தூதர் தாமஸ் ராண்டால்ஃப் ஊருக்கு எழுதிய கடிதத்தில் ஒரு சம்பவம் இருக்கிறது. அரசியிடம் வேலை பார்த்த ஒரு பிரெஞ்சுப் பெண், அரண்மனைக்கு மருந்து தயாரிப்பவனால் கருவுற்று, பிள்ளையைக் கொன்றுவிட்டாள். மதச் சீர்திருத்தக்காரர் ஜான் நாக்ஸும் இதைப் பதிவு செய்து, இருவரையும் தூக்கில் போட்டதாகச் சொல்கிறார். அதோடு விடவில்லை. அரசவை மேரிகளின் பெயர் எப்படி நாறியது என்பதற்கு அந்தக் காலத்துக் கதைப்பாடல்களே சாட்சி என்றும் எழுதுகிறார். என் பார்வையில் இந்த ஒரு வரிக்கு அந்த வெள்ளை உடையைவிடக் கனம் அதிகம். அப்போதே மக்கள் பாட ஆரம்பித்துவிட்டார்கள் என்று, அந்த ஊரில் அந்தக் காலத்தில் வாழ்ந்த ஒருவர் சொல்கிறார்.

ரஷ்யாவை முழுவதும் தள்ளிவிடவும் முடியாது. பாட்டில் அவள் மாலுமிகளைக் கெஞ்சுகிறாள்: "கடல் கடந்து போகிறவர்களே, நான் சாகப்போகும் சாவு என் அப்பா அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்." எடின்பரோக்காரிக்கு மாலுமி எதற்கு? அயல் மண்ணில் சாகிறவள் பேசும் பேச்சு இது என்று ரஷ்யப் பக்கத்தினர் கேட்கலாம். ஆனால் 1563-இல் செத்தவளும் அயல்நாட்டுக்காரிதானே! அவள் பிறந்த நாடும் கடலுக்கு அந்தப் பக்கம்தான். மரியாவோ ரஷ்யாவிலேயே வேரூன்றிய குடும்பத்துப் பெண்.

காலக்கணக்கும் ரஷ்யாவுக்கு இடிக்கிறது. 1790-இல் ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் ஒரு கடிதத்தில் இந்தப் பாட்டிலிருந்து நான்கு வரிகளை எடுத்துக்காட்டி, அது பழைய ஸ்காட்டிஷ் கதைப்பாடல் என்கிறார். தொட்டிலில் போட்ட அன்று, எந்த நாட்டில் திரிவேன், எந்தச் சாவு சாவேன் என்று அம்மா நினைத்திருக்கவே மாட்டாள் என்ற வரிகள். பீட்டர்ஸ்பர்க்கில் தலை வெட்டப்பட்டு அப்போது 71 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. சைல்டின் தொகுப்பில் இந்தப் பாட்டுக்கு மட்டும் 28 வடிவங்கள். வாய்வழியாகப் பரவிய ஒரு பாட்டு இத்தனை கிளை விட அந்த இடைவெளி போதுமா என்பது சந்தேகம்தான். 1895-இல் ஸ்காட்டிஷ் எழுத்தாளர் ஆண்ட்ரூ லாங் எடின்பரோவுக்காக வாதாடினார். அவர் காட்டிய வடிவம் ஒன்றில் அந்தப் பெண்ணே சொல்கிறாள்: காதலன் மருந்து தயாரிப்பவன், கருவைக் கலைக்க எத்தனையோ மருந்து கொடுத்தான், ஒன்றும் பலிக்கவில்லை. இதை ரஷ்யாவில் கொண்டுபோய் ஒட்ட வழியே இல்லை. சைல்டும் தன் பழைய கருத்தை விட்டுக்கொடுத்தார். தான் அச்சில் ஏற்றியதைப் பிறர் வாதம் கேட்டு மாற்றிக்கொண்ட அந்த நேர்மைக்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை கூடியது.

ஆகவே கதை எடின்பரோவுடையது என்பது என் முடிவு. அதற்காக அதை 1563-இன் நேரடிச் செய்தியறிக்கையாகவும் எடுத்துக்கொள்ளக் கூடாது. பல வடிவங்களில் காதலன் அரசனாகவே வருகிறான். அந்த ஆண்டில் அரசி மேரியோ விதவை, டார்ன்லியை மணந்தது 1565-இல். பாடியவர்கள் ஆளுக்கொன்று சேர்த்துக்கொண்டே போயிருக்கிறார்கள்.

பெயர் மட்டும் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து வந்திருக்க வாய்ப்பு உண்டு. மரியாவின் சேதி ஸ்காட்லாந்துக்கு வந்தபோது, அதே குற்றத்தைச் சொல்லும் பாட்டு அங்கே ஏற்கெனவே நடமாடிக்கொண்டிருந்திருக்கும். ஹாமில்டன் அங்கே எல்லோருக்கும் தெரிந்த குடும்பப் பெயர். பாட்டிலும் அதற்கு இடம் காலியாகத்தான் இருந்தது: எடின்பரோவில் தூக்கிலிடப்பட்ட பிரெஞ்சுப் பெண்ணின் பெயரை ராண்டால்ஃபும் எழுதவில்லை, நாக்ஸும் எழுதவில்லை.