‘குடல் புழு சுத்திகரிப்பு’ பேக்கேஜ்: பணம் கட்டும் முன் படித்துவிடுங்கள்

வயிற்றுக் கோளாறு வருடக்கணக்கில் தீராதவர்களைக் குறிவைத்து ஒரு வியாபாரம் நடக்கிறது. கோவையில் அப்படி ஒரு மையத்தில் 18,500 ரூபாய் கட்டினேன். வயிறு சரியாகவில்லை, முன்பைவிட மோசமானது. பெயரைப் போட முடியாது, ஆனால் அவர்கள் வேலை செய்யும் விதத்தைச் சொல்லலாம்.

எனக்கு ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணித் தொற்று வந்து, மருந்தில் போய்விட்டது. ஆனால் வலியும் உப்புசமும், சாப்பிட்டதும் பாத்ரூமுக்கு ஓடுவதும் நிற்கவில்லை. டாக்டர் ஐ.பி.எஸ். (எரிச்சல் குடல் நோய்) என்றார். இந்தக் கதையைக் கேட்டதுமே மையத்தில் இருந்த ‘கோச்’ முகம் மலர்ந்துவிட்டது.

கையில் ஓர் உலோகக் கம்பியைப் பிடிக்கச் சொன்னார்கள். அதிலிருந்து ஒரு வயர் லேப்டாப்புக்குப் போகிறது. கொஞ்ச நேரத்தில் பக்கம் பக்கமாக பிரிண்ட் வந்தது. கல்லீரல், கணையம், எலும்பு எல்லாவற்றுக்கும் ஒரு மார்க். கடைசியில் சிவப்பு எழுத்தில் ‘ஒட்டுண்ணிச் சுமை மிக அதிகம்’. ரத்தமோ மலமோ ஒரு துளி எடுக்கவில்லை. மலப் பரிசோதனை வேண்டாமா என்று கேட்டேன். “லேப்ல தெரியாது சிஸ்டர், அது குடல் சுவருக்குள்ள ஒளிஞ்சிருக்கும்” என்றார்.

இதில் துளி உண்மை இருப்பதுதான் வில்லங்கம். ஜியார்டியா தினமும் மலத்தில் வெளிவராது, ஒரு சாம்பிளில் தப்பிவிடலாம். அதற்காகத்தான் வேறு வேறு நாட்களில் மூன்று சாம்பிள் கேட்பார்கள், அல்லது மலத்தில் கிருமியின் புரதத்தைத் தேடும் ஆன்டிஜென் பரிசோதனை செய்வார்கள். கம்பியைப் பிடித்து ஒட்டுண்ணி கண்டுபிடிக்கும் முறை மருத்துவத்தில் கிடையாது.

சுவரில் ஒரு போஸ்டர்: ‘ஐ.பி.எஸ்.ஸுக்குக் காரணம் ஒட்டுண்ணியே: நார்வே ஆய்வு’. அந்த ஆய்வு பொய்யில்லை. 2004இல் பெர்கன் நகரத்துக் குடிநீரில் கழிவுநீர் கலந்து ஜியார்டியா பரவியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு ஆய்வகத்திலேயே தொற்று உறுதியானது. மூன்று வருடம் கழித்துப் பார்த்தபோது, தொற்று வந்தவர்களில் சுமார் 46 சதவீதம் பேருக்கு ஐ.பி.எஸ். அறிகுறிகள் இருந்தன. தொற்று வராதவர்களில் அது 14 சதவீதம்தான். ஆனால் போஸ்டரில் இல்லாத பாதி ஒன்று உண்டு. அங்கே சிகிச்சையில் ஜியார்டியா ஒழிந்துபோனதாகப் பரிசோதனையில் தெரிந்தவர்களுக்கும் வயிற்று உபாதை தொடர்ந்தது. கிருமி போன பிறகும் குடல் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. அப்படியிருக்க, இல்லாத ஒன்றைக் கொல்ல எதற்கு மருந்து?

பேக்கேஜில் ஒரு பொடி, கிராம்பும் வால்நட் தோலும் சேர்ந்த கேப்சூல், இரவில் குடிக்க ஒரு கஷாயம். மூன்றாம் நாளே மலத்தில் கயிறு கயிறாக வந்தது. போட்டோ அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினேன். “பாத்தீங்களா, புழு!” என்று பதில், கூடவே கைதட்டும் பொம்மை. கால் தசை பிடித்துக்கொண்டு எழுந்திருக்க முடியாமல் கிடந்தபோதும் “கழிவு வெளியேறுது சிஸ்டர், நிறுத்திடாதீங்க” என்றார்கள்.

அப்புறம் குடல் நோய் டாக்டரிடம் போனேன். ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்திருந்தது, கால் தசை பிடித்தது அதனால்தான். கஷாயத்தில் இருந்தது நிலாவாரை, அதாவது பேதி மருந்து. அந்தக் ‘கயிற்றை’ மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். சளியும், அந்தப் பொடியில் இருந்து ஊறிப்போன இசப்கோல் உமியும்தான். புழுவும் இல்லை, முட்டையும் இல்லை. மூன்று மலச் சாம்பிளிலும் ஜியார்டியா இல்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், ஐ.பி.எஸ்.ஸுக்கு டாக்டர்களே இசப்கோல் எழுதித் தருவதுண்டு. நூறு, இருநூறு ரூபாய்க்கு மருந்துக்கடையில் கிடைக்கும். அந்தப் பேக்கேஜில் உருப்படியான பொருள் அது ஒன்றுதான்.

புழுவே இருக்காது என்று சொல்லவரவில்லை. உருண்டைப் புழு, கொக்கிப் புழு நம் ஊரில் உண்டு. பள்ளிகளில் கொடுக்கும் அல்பெண்டசோல் அதற்குத்தான், விலையும் சொற்பம். ஜியார்டியா புழுவே அல்ல, ஒற்றைச் செல் உயிரி. அதற்கான சிகிச்சை வேறு, அதை டாக்டர்தான் எழுத வேண்டும். மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை, தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, இவற்றில் எது இருந்தாலும் ஐ.பி.எஸ். என்று நீங்களாகவே முடிவு கட்டாமல் நேராக டாக்டரிடம் போங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். “வெல்னஸ் புரோகிராமுக்கு ரீஃபண்ட் இல்ல” என்றார்கள். பில் கேட்டால் வெள்ளைத்தாளில் எழுதித் தந்தார்கள். பணம் போனதோ தனிநபர் ஒருவரின் மொபைல் எண்ணுக்கு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். இப்படி எங்காவது பணம் கட்டியிருந்தால் ஜிபே ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப் சாட், அந்தக் கம்பி ரிப்போர்ட் எதையும் அழித்துவிடாதீர்கள். புகார் கொடுக்கும்போது அவைதான் கேட்கப்படுகின்றன.